ஓடுகின்ற கணிப்பொறியை ஒதுக்கிவிடலாமா?

உங்கள் இல்லத்திலோ, உங்கள் மஹல்லாவின் ஜமாஅத் அலுவலகத்திலோ எட்டு, பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணிப்பொறி ஒன்று இருக்கக்கூடும். பொத்தானை அழுத்தினால் விழித்துக்கொள்கிறது. கடிதம் தட்டச்சு செய்ய உதவுகிறது, கணக்குப் பார்க்கிறது, பிள்ளைகளுக்குப் பாடம் காட்டுகிறது. விசைப்பலகையில் சில எழுத்துகள் தேய்ந்திருக்கலாம். ஆயினும் அது செய்துவரும் வேலையில் குறையேதும் இல்லை. அத்தகைய பொறியின் திரையில் ஒரு நாள் ஓர் அறிவிப்புத் தோன்றுகிறது. உங்கள் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிவுறுகிறது என்றும், விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதி இக்கணிப்பொறிக்கு இல்லை என்றும் அது கூறுகிறது.

எங்கள் மதரஸா அலுவலகத்திலும் இந்த அறிவிப்பு வந்தது. வெளிநாட்டில் உழைத்துத் திரும்பிய சகோதரர் ஒருவர் அன்பளிப்பாக அளித்த பொறி அது. நிர்வாகக் குழு கூடிற்று. புதியதொன்று வாங்குவது, பழையதை எடைக்குப் போட்டுவிடுவது என்று ஐந்து நிமிடங்களில் முடிவாயிற்று. மறுவாரம் பழைய சாமான் வாங்குபவரும் வந்து நின்றார். பெட்டியைத் தூக்கி வண்டியில் வைக்கும் வேளையில், எங்களிடம் ஓதி முடித்து இப்போது கல்லூரியில் பயிலும் மாணவர் ஒருவர் என் அருகே வந்து, “ஹஜ்ரத், பைத்துல்மாலில் யார் யாருக்கு ஜகாத் கொடுத்தோம் என்ற பட்டியல் இதற்குள்தானே இருக்கிறது? அதையும் சேர்த்தா விற்கிறோம்?” என்று மெதுவாகக் கேட்டார்.

நான் வாயடைத்துப் போனேன். வலக்கரம் கொடுப்பதை இடக்கரம் அறியலாகாது என்று மிம்பரில் பேசுகிறோம். பதினைந்து ஆண்டுகளாக உதவி பெற்ற விதவையர், முதியோர், கடனாளிகள் ஆகியோரின் பெயரும் முகவரியும் உள்ள பெட்டியை முன்பின் அறியாத ஒருவரின் வண்டியில் ஏற்றிவிட இருந்தோம். அன்று அந்தப் பெட்டி வண்டியிலிருந்து இறங்கிற்று. அதன்பின் இப்பொருள் குறித்து, அறிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றையே உங்கள் முன் வைக்கிறேன்.

ஆதரவு என்பது யாது?

கணிப்பொறி என்பது உலோகமும் பிளாஸ்டிக்கும் மட்டுமன்று. அதன் உறுப்புகளை இயக்கி, நாம் இடும் கட்டளையை அவற்றுக்கு உணர்த்துகின்ற அடிப்படை மென்பொருள் ஒன்று உண்டு. ஆப்பரேட்டிங் சிஸ்டம் எனப்படும் இயங்குதளம் அதுவே. விண்டோஸ், மேக் ஓ.எஸ்., லினக்ஸ் ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. கோடிக்கணக்கான வரிகளால் மனிதர் எழுதிய நிரல் ஆதலால் அதில் ஓட்டைகள் இருந்தே தீரும். அவ்வோட்டைகள் அறியப்படும்போதெல்லாம் அவற்றை அடைக்கும் திருத்தங்களைத் தயாரித்த நிறுவனம் அனுப்பிக்கொண்டிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை இதனைச் செய்கிறது. ‘ஆதரவு’ என்னும் சொல்லின் சாரம் இதுதான்.

விண்டோஸ் 10 வெளியான நாள் 2015 ஜூலை 29. அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. இதற்கு முன் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும் இதே நிலை ஏற்பட்டது. ஆப்பிள் நிறுவனமும், இன்டெல் செயலி கொண்ட தன் மேக் கணிப்பொறிகளை ஏற்கும் கடைசிப் பதிப்பு மேக் ஓ.எஸ். டஹோவே என்று 2025 ஜூனில் அறிவித்தது. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸும் விதிவிலக்கன்று. 1980களில் வந்த இன்டெல் 386 செயலிக்கான ஆதரவை அதன் ஆக்குநர்கள் 2012இல் நீக்கினர். ஆக, எல்லா இயங்குதளங்களுக்கும் உள்ள நியதி இது. கால அளவுதான் வேறுபடுகிறது.

இவ்விடத்தில் ஒரு செய்தியை நினைவில் கொள்ளுங்கள். 2015இல் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் மாநாட்டு மேடையொன்றில், விண்டோஸ் 10 தான் விண்டோஸின் கடைசிப் பதிப்பு என்னும் பொருள்படப் பேசினார். உலகம் அதைப் பற்றிக்கொண்டது. ஆனால் அதே ஆண்டில் அந்நிறுவனம் எழுத்தில் வெளியிட்ட ஆயுள் அட்டவணையில் 2025 அக்டோபர் 14 என்ற நாள் குறிக்கப்பட்டிருந்தது. பேச்சை நாம் நம்பினோம், எழுத்தைப் படிக்கவில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு கற்பிக்கும் மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு இதில் பாடம் உண்டு.

புதிய தளம் பழைய பொறியை ஏன் மறுக்கிறது?

2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11, தன்னை ஏற்கும் பொறிக்குச் சில தகுதிகளை விதித்தது. நினைவகம் 4 ஜி.பி., சேமிப்பிடம் 64 ஜி.பி. என்பவை பெரிய தடைகள் அல்ல. தடையாக நிற்பவை இரண்டு. ஒன்று, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு. இரகசியத் திறவுகோல்களைப் பெட்டகம் போல் காத்து, பொறி இயங்கத் தொடங்கும்போதே அதனுள் எவரும் கைவைக்கவில்லை என்பதைச் சரிபார்க்க உதவுவது இது. மற்றொன்று செயலியின் தலைமுறை. இன்டெல் ஆயின் பெரும்பாலும் 2017இன் பிற்பகுதியில் வெளிவரத் தொடங்கிய எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியனவும், ஏ.எம்.டி. ஆயின் ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பிந்தியனவும் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகின்றன.

இதற்கு நிறுவனம் கூறும் காரணம் பாதுகாப்பு. நச்சு நிரல் ஒன்று உள்ளே நுழைந்தாலும் இயங்குதளத்தின் கருவறையை அது தொட இயலாதவாறு பிரித்து வைக்கும் ஏற்பாட்டைப் புதிய செயலிகள் விரைவாகச் செய்கின்றன. பழையவை அதே வேலையில் திணறுகின்றன. இதில் உண்மை உண்டு. எண்ணற்ற பழைய உறுப்புகளுக்கெல்லாம் ஒவ்வொரு திருத்தத்தையும் சோதித்துப் பார்ப்பது பெருஞ்செலவு என்பதும் உண்மையே. அதே வேளையில், புதிய கணிப்பொறி விற்றால் அதனுடன் புதிய விண்டோஸ் உரிமமும் விற்பனையாகும் என்பதை நாம் மறந்துவிட வேண்டியதில்லை. முழுக்கச் சூழ்ச்சி என்று தூற்றுவது நேர்மையன்று; முழுக்க நம் நலனுக்காக என்று நம்புவது பேதைமை. விளைவு இதுதான்: 2017இன் தொடக்கத்தில் கடன் வாங்கி ஒருவர் தம் மகளின் படிப்புக்காக வாங்கிய நல்ல மடிக்கணிப்பொறி, உடலில் ஒரு குறையுமின்றித் தகுதியிழந்து நிற்கிறது. இவ்வாறு உலகெங்கும் 24 கோடிக் கணிப்பொறிகள் குப்பைக்குச் செல்லக்கூடும் என்று கனலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் மதிப்பிட்டது.

அப்படியே விட்டுவிட்டால்?

“இத்தனை நாள் ஓடியது, இனியும் ஓடும்” என்று சொல்பவர்கள் உண்டு. ஓடும் என்பது மெய். அக்டோபர் 15 அன்று எந்தக் கணிப்பொறியும் நின்றுவிடவில்லை. ஆனால் பூட்டு பழுதான கதவும் சாத்தித்தான் இருக்கும். திருடன் தள்ளிப் பார்க்கும் வரை.

2017 மே 12 அன்று வானாக்ரை என்னும் நச்சு நிரல் உலகைத் தாக்கியது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகையைச் சேர்ந்தது அது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் சிக்கின. இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறையில் 236 மருத்துவ அமைப்புகளுள் குறைந்தது 81 பாதிப்புக்குள்ளாயின. நோயாளிகளுக்குக் குறிக்கப்பட்டிருந்த மருத்துவச் சந்திப்புகள் ஆயிரக்கணக்கில் இரத்தாயின.

இந்நிகழ்ச்சி இரண்டு பாடங்களைத் தருகிறது. அந்த நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. ஆதரவு இழந்த விண்டோஸ் எக்ஸ்.பி.க்கோ அத்திருத்தம் பொதுவில் அப்போது கிடைக்கவில்லை. தாக்குதல் நிகழ்ந்த பின்னரே, விதிவிலக்காக வழங்கினார்கள். இது முதற்பாடம். பாதிக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை அன்று ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 பொறிகள். திருத்தம் வந்தும் அதைப் பொருத்தாமல் விட்டிருந்தார்கள். இது இரண்டாம் பாடம். ஆகவே புதிய கணிப்பொறி வாங்கிவிட்டால் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு.

வாசகர்களே, இவற்றிலிருந்து நான் உணர்ந்துகொண்டது ஒன்று. ஆதரவு முடிந்தது என்றால் கணிப்பொறியின் ஆயுள் முடிந்தது என்று பொருளாகாது. அதுவரை அதைக் காவல் காத்துவந்தவர் காவலை விட்டுப் போய்விட்டார். இனி அந்தப் பொறுப்பு உரியவர் தலையில் வந்து அமர்கிறது. தூக்கி எறிவதும் பொறுப்பைத் தட்டிக் கழிப்பதே. கண்டுகொள்ளாமல் ஓட்டுவதும் அவ்வாறே.

முதலில் சோதியுங்கள்

கடைக்காரரிடம் செல்லுமுன் உங்கள் பொறியை நீங்களே அறிந்துகொள்ளுங்கள். செட்டிங்ஸ் பகுதியில் சிஸ்டம் என்பதைத் திறந்து, அதனுள் அபவுட் என்பதைப் பார்த்தால் செயலியின் பெயர் தெரியும். இன்டெல் ஐ5-7200யு என்றிருந்தால் சிறு கோட்டுக்குப் பின்வரும் 7 என்பது ஏழாம் தலைமுறையைக் குறிக்கும். ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5-10210யு என்றால் பத்தாம் தலைமுறை.

எட்டாம் தலைமுறையாக இருந்தும் ‘தகுதி இல்லை’ என்று காட்டினால் உடனே நம்பிவிடாதீர்கள். பல பொறிகளில் டி.பி.எம். வசதி உள்ளேயே இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பொறி விழிக்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் அதை இயக்கிவிட்டால் தடை நீங்கிவிடும். மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்கும் பி.சி. ஹெல்த் செக் என்னும் மென்பொருள், எந்தத் தகுதி குறைகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லும். ஓர் அமைப்பைத் திருத்துவதால் தீரக்கூடிய குறைக்காகப் புதிய கணிப்பொறி வாங்குவது வீண்விரயம் அன்றோ?

தடைகளையெல்லாம் தந்திரமாகத் தாண்டி விண்டோஸ் 11ஐப் பழைய பொறியில் ஏற்றித் தருகிறோம் என்பவர்களும் உண்டு. ஏற்ற முடியும் என்பது மெய்யே. ஆனால் அத்தகைய பொறிக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்று நிறுவனம் உறுதி கூறவில்லை. பிறருடைய விவரங்களைச் சுமக்கும் அலுவலகப் பொறிக்கு இவ்வழி ஏற்றதன்று.

நம்முன் உள்ள வழிகள்

உண்மையாகவே தகுதியற்ற பொறியாயின் என்ன செய்யலாம்?

முதல் வழி, நீட்டிக்கப்பட்ட ஆதரவைப் பெறுவது. வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை வழங்க மைக்ரோசாஃப்ட் முன்வந்தது. தன் கணக்கில் பதிவு செய்து, பொறியின் அமைப்புகளை அதன் சேமிப்பகத்தில் ஒத்திசைப்போருக்குக் கட்டணமில்லை. ஏனையோருக்கு ஒரு முறை 30 டாலர் என்று அறிவித்தது. விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பு இதற்கு அவசியம். நிறுவனங்களுக்கோ பொறி ஒன்றுக்கு முதலாண்டு 61 டாலர்; அடுத்தடுத்த ஆண்டுகளில் அது இரட்டிப்பாகும்; மூன்றாண்டுகளுக்கு மேல் இல்லை. கணக்கிட்டுப் பாருங்கள்: மூன்றாண்டுக்கு 427 டாலர். அத்தொகைக்குப் புதிய கணிப்பொறியே வாங்கிவிடலாம். ஆகவே இது மூச்சு வாங்கிக்கொள்ளக் கிடைத்த அவகாசமேயன்றி நிலையான தீர்வன்று.

இரண்டாம் வழி, இயங்குதளத்தையே மாற்றிவிடுவது. 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்த லினக்ஸ், இன்று உலகெங்கும் உள்ள வல்லுநர்களால் வளர்க்கப்பட்டுக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதன் வடிவங்களுள் ஒன்றான லினக்ஸ் மின்ட், விண்டோஸ் பழகியவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. 4 ஜி.பி. நினைவகம் உள்ள பொறியில் தாராளமாக இயங்கும். கடிதத்துக்கும் கணக்குக்கும் லிப்ரே ஆஃபீஸ், இணையத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ், தமிழ்99 விசைப்பலகை, வலமிருந்து இடமாக அரபு எழுதும் வசதி ஆகிய யாவும் உண்டு.

இது நமக்குப் புதியதுமன்று. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணிப்பொறித் திட்டத்தில் வழங்கப்பட்ட பொறிகளில், சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கேள்வி! அத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் பெற்ற பொறிகள் விண்டோஸ் 11ஐ ஏற்கமாட்டா. ஆனால் இலகுவான லினக்ஸ் வடிவங்களை அவற்றுள் பல ஏற்கும்.

எனினும் இவ்வழியின் குறைகளையும் மறைக்கலாகாது. விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட டாலி போன்ற கணக்கு மென்பொருள்கள் லினக்ஸில் நேரடியாக இயங்கமாட்டா. சில அச்சுப்பொறிகள் ஒத்துழைப்பதில்லை. எனவே பழையதை அழிக்குமுன், பென் டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்க்கும் வசதியைப் பயன்படுத்தி, உங்கள் அச்சுப்பொறியும் மற்றக் கருவிகளும் இசைகின்றனவா என்று அறிந்துகொள்ளுங்கள்.

இத்துடன் சேர்த்துச் செய்யத்தக்க வேலை ஒன்றுண்டு. பழைய பொறி மந்தமாக இருப்பதற்குப் பெரும்பாலும் சுழலும் வன்தட்டே காரணம். அதை அகற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தினால் பொறி புத்துயிர் பெறும். சில ஆயிரம் ரூபாய்ச் செலவில் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

மூன்றாம் வழி, இணையத் தொடர்பை அறுத்துவிட்டுக் குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது. இதன் அருமையை நம் மார்க்கப் பத்திரிகைகளும் அச்சகங்களும் நன்கறியும். 1990களிலும் அதன் பின்னரும் பேஜ்மேக்கரில், அக்காலத் தமிழ் எழுத்துருக்களைக் கொண்டு கோத்த நூல்கள் எத்தனை, எத்தனை! ஒவ்வொரு நிறுவனத்தின் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டு முறையைப் பின்பற்றியது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் தரங்களை வகுத்தது. 2010இல் யூனிகோடுக்கும் டேஸ்16க்கும் மாறியது. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும்பதிப்பான 7.0 வெளியான ஆண்டு 2001. அக்கோப்புகளைத் திறக்க வல்ல இன்டிசைனும் சி.எஸ்.6 பதிப்போடு அவ்வசதியை நிறுத்திக்கொண்டது. ஆக, பழைய கணிப்பொறியை எறிந்தால், ஆலிம் ஒருவர் பல்லாண்டு உழைத்து எழுதிய நூலின் மூலக்கோப்பைத் திறக்கும் ஒரே சாவியையும் சேர்த்து எறிந்தவர்களாவோம். அத்தகைய பொறியை இணையத்தோடு சேர்க்காமல் காத்து, முதலில் நூல்களைப் பி.டி.எஃப். வடிவிலும், பின் எழுத்துகளை யூனிகோடுக்கும் மாற்றி இரண்டு மூன்று இடங்களில் பத்திரப்படுத்துங்கள். பழைய பொறியும் ஒரு நாள் நின்றுவிடும். அதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும்.

நான்காம் வழி, வேறு பொறி வாங்குவது. வேறு வழியில்லாதபோது இதில் குற்றமில்லை. கணக்கு மென்பொருள் கட்டாயம் தேவைப்படும் அலுவலகத்துக்கு இதுவே முறை. புத்தம் புதியதுதான் வேண்டும் என்பதில்லை. எட்டாம் தலைமுறைக்குப் பிந்திய, பயன்படுத்திய பொறியும் போதுமானது. ஆனால் வாங்கும்போதே கேளுங்கள்: இதற்கு எத்தனை ஆண்டு ஆதரவு? எழுத்தில் எங்கே உள்ளது?

கைமாற்றுமுன் கவனியுங்கள்

பழைய பொறியைப் பிறருக்கு வழங்க விரும்புவோர் மூன்றை மனத்திற் கொள்ள வேண்டும்.

ஒன்று, உள்ளே இருப்பதை முறையாக நீக்குவது. கோப்பை அழித்தாலும் குப்பைத்தொட்டியைக் காலி செய்தாலும் வன்தட்டிலிருந்து அது மறைந்துவிடுவதில்லை. நூலின் பொருளடக்கத்தைக் கிழித்தது போன்றதுதான் அது. பக்கங்கள் உள்ளேயே இருக்கின்றன. மீட்டெடுக்கும் மென்பொருள்கள் எளிதில் கிடைக்கின்றன. எனவே வன்தட்டு முழுவதையும் மேலெழுதி அழிக்கும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். எஸ்.எஸ்.டி. ஆயின் அதைத் தயாரித்த நிறுவனம் தரும் அழிப்பு வசதியைக் கையாளுங்கள். இயலாவிட்டால் வன்தட்டைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய வறுமையும், ஒரு குடும்பத்தின் தலாக் வழக்கும், ஒரு பெண்ணின் நிக்காஹ் விவரமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். பதிவேடு காகிதமாக இருந்தபோது அலமாரியில் பூட்டி வைத்தோம். அது கணிப்பொறிக்குள் சென்றுவிட்டதால் அமானிதம் இல்லை என்றாகிவிடாது.

இரண்டு, பயன்படும் நிலையில் கொடுப்பது. வளைகுடாவிலிருந்தும் வெளியூர்களிலிருந்தும் மதரஸாக்களுக்கும் ஏழை மாணவர்களுக்கும் பழைய கணிப்பொறிகள் அனுப்பும் நல்ல உள்ளங்கள் பலருண்டு. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக! அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆதரவற்ற இயங்குதளத்தோடு அப்படியே அனுப்பாதீர்கள். லினக்ஸை நிறுவி, தமிழ் விசைப்பலகையை அமைத்து, எத்தனை ஆண்டு வரை திருத்தம் வரும் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டி அனுப்புங்கள். நமக்கு வேண்டாத சுமையை ஏழையின் வாசலில் இறக்கிவிட்டு அதற்கு ஸதகா என்று பெயரிடுவது தகாது.

மூன்று, எதற்கும் உதவாததை உரிய இடத்தில் சேர்ப்பது. 2022இல் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாகவும், அதில் 22.3 விழுக்காடே முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளதாகவும் ஐக்கிய நாடுகள் சார்ந்த அறிக்கை 2024இல் கூறியது. எஞ்சியவற்றில் ஒரு பகுதி எங்கே போகிறது என்பதை அறிய அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. தில்லியின் சீலம்பூரிலும் உத்தரப்பிரதேசத்தின் முராதாபாத்திலும் ஏழைகள் கையுறையுமின்றி மின்சுற்றுப் பலகைகளைப் பிரித்தும், எரித்தும், அமிலத்தில் கழுவியும் செம்பு முதலிய உலோகங்களைப் பிரித்தெடுத்து வயிறு கழுவி வந்திருக்கிறார்கள். அவர்களில் நம் சமுதாயத்தவரும் பலர். நாம் எடைக்குப் போட்டுப் பெறுகின்ற சில நூறு ரூபாயின் விலையை அவர்களின் நுரையீரல் கொடுக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள் உள்ளனர். அவர்களிடமே ஒப்படையுங்கள்.

ஒரு சொம்புத் தண்ணீர்

மதரஸாவில் சிறுவர்களுக்கு உளூ கற்றுக்கொடுக்கும்போது குழாயை முழுவதும் திறக்காதே, தண்ணீரை வீணாக்காதே என்று நாள்தோறும் சொல்கிறோம். ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் 2004இல் வெளியிட்ட ஆய்வொன்று, அக்காலக் குழாய்த்திரையுடன் கூடிய ஒரு மேசைக் கணிப்பொறியை உருவாக்க ஏறத்தாழ 240 கிலோ எரிபொருளும், 22 கிலோ வேதிப்பொருள்களும், 1500 கிலோ தண்ணீரும் செலவாவதாகக் கணக்கிட்டது. ஒரு சொம்புத் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கும் நாம், ஓடுகின்ற கணிப்பொறியை ஐந்து நிமிடக் கூட்டத்தில் எடைக்குப் போடத் துணிந்தோம். வீண்விரயம் என்னும் சொல்லைச் சோற்றுக்கும் தண்ணீருக்கும் மட்டும் உரியதாக்கி வைத்திருந்ததே எங்கள் பிழை.

எங்கள் பொறி இப்போது எங்கே என்று கேட்பீர்கள். கணக்குக்கு விண்டோஸ் தேவைப்பட்டதால் அலுவலகத்துக்குப் பயன்படுத்திய பொறி ஒன்றை வாங்கினோம். அந்தச் செலவைத் தவிர்க்க இயலவில்லை. ஜகாத் பட்டியலும் நிக்காஹ் பதிவேட்டின் படிகளும் கடவுச்சொல்லிட்டு அதில் பூட்டப்பட்டன. அவற்றின் நகலொன்று முத்தவல்லியின் பொறுப்பில் உள்ளது. பழைய பொறியின் வன்தட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினோம். அதன் இடத்தில் எஸ்.எஸ்.டி. பொருத்தி, அன்று கேள்வி கேட்ட அதே மாணவர் லினக்ஸை நிறுவித் தந்தார். மாலை மக்தபுக்கு வரும் பிள்ளைகள் அஸருக்குப் பின் அதில் தமிழும் அரபும் தட்டச்சுப் பழகுகிறார்கள். 2029இல் அதன் ஆதரவும் முடியும். அந்நாளை அதன் நெற்றியில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் மஹல்லாவிலும் உள்ள பொறிகளின் நெற்றியில் அப்படியொரு நாள் எழுதப்பட்டிருக்கிறதா? இன்றே பாருங்கள். நம்பி ஒப்படைக்கப்பட்டதைக் காக்கும் நல்லறிவையும், அருளப்பட்டதை வீணாக்காத பண்பையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.